மணிக்கும் அடுப்புக்கும் நடுவில்

திண்டு. என் முதுகுக்குப் பின்னால் வெள்ளை உறை போட்டு, பஞ்சடைத்து, உருளையாகக் கிடக்கிறதே, இதற்குப் பெயர் திண்டு. சரி, அது தமிழ். இந்தியில் என்ன? ஐம்பது வருஷமாகக் கவி சம்மேளன மேடைகளில் இதன் மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். கான்பூர், குவாலியர், போபால், எந்த ஊர் மேடையானாலும் ஜமக்காளம் விரித்து இதைத்தான் போடுவார்கள். கவிதை தடுக்கி விழுந்தாலும் கவிஞன் விழாமல் தாங்குவது இதுதான் என்று நக்கலாக ஒரு பத்திகூட எழுதியிருக்கிறேன் பத்திரிகையில். அந்தப் பத்தியின் தலைப்பே இந்தச் சொல்தான். தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. நாலு எழுத்து. முதல் எழுத்து ம. ம-வா, க-வா? விட்டுவிடு. விரட்டினால் ஓடும், விட்டால் தானே வரும், கோழி மாதிரி. வராவிட்டால்தான் என்ன, கவிதையில் திண்டு கிடையாது. கவிதையில் என்னென்ன இருக்கின்றன? தெருமுனை, மணி, அடுப்பு, பால், மை, செருப்பு. மோட், கண்டி, சூல்ஹா, தூத், ஸ்யாஹி, சப்பல். இருக்கின்றன, எல்லாம் இருக்கின்றன. இன்னொரு தரம். மோட், கண்டி, சூல்ஹா, தூத், ஸ்யாஹி, சப்பல். எழுபத்தாறு வயசில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறேன். இந்தக் கவிதை இன்றைக்கு முழுசாக வந்துவிட்டால் என் மனைவி குசுமிடம் எதுவும் சொல்ல வேண்டாம். வராவிட்டால் வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்லிவிட வேண்டும். காலையில் சவரம் செய்துகொள்ளும்போது எனக்கும் கண்ணாடிக்கும் ஆன ஒப்பந்தம் இது. கண்ணாடி ஒப்புக்கொண்டது, அதற்கென்ன, அது சொல்லப்போவதில்லை.

ஜபல்பூர் டிசம்பர் வெயில் என்றால் அதற்கென்றே ஊர் வந்து உட்காரும். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டும் யாரும் பந்தலுக்குள் இல்லை, நாற்காலிகளை வெயிலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரிக்கிறார்கள். மைக்கில் 'பூகம்ப்' நின்றுகொண்டிருக்கிறான். கட்னியிலிருந்து வந்திருக்கும் சிரிப்புக் கவிஞன். பெண்டாட்டி ஜோக்குகளைச் சந்தத்தில் கட்டி வயிறு வளர்க்கிறவன், நல்ல மனுஷன்தான். "என் மனைவி பேசினா நான் கேட்கணும், ரெண்டு பேரும் பேசினா பக்கத்து வீடு கேட்கணும்" என்கிறான், மைதானம் குலுங்குகிறது. நானும் சிரித்தேன், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. அந்தத் தாமதம் யாருக்காவது தெரிந்ததா? முன்பெல்லாம் இந்தி காதில் விழும்போதே அர்த்தமாகத்தான் விழும். இப்போது முதலில் சத்தம் வருகிறது, பின்னாலேயே அர்த்தம் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. இன்றைக்கு வந்தது. வந்ததே. அதைப் பார். முதல் வரிசையில் பழுப்புச் சால்வையோடு குசும் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஆரஞ்சுப் பழம், தோலை ஒரே சுருளாக உரிக்கிறாள், எப்போதும் அப்படித்தான், நடுவில் அறுந்தால் அவளுக்குக் கோபம் வரும். ஆரஞ்சு, சந்த்ரா. வெயில், தூப். நாற்காலி, குர்சி. சால்வை, ஷால். அது கணக்கில் சேராது, அது எல்லா ஊரிலும் அதுதான். கொட்டை, பீஜ். பார், வரிசையாக வருகிறது. என்ன பயம் உனக்கு, ஏகாம்பரம்? திண்டு. திண்டு. சனியன் பிடித்த திண்டு.

காலையில் உப்பு வரவில்லை. பருப்பில் உப்பு இல்லை, கேட்க வாயைத் திறந்தேன், நாக்கில் உப்பு என்று வந்து உட்கார்ந்துவிட்டது, உப்பு, உப்பு, வேறு ஒன்றையும் பக்கத்தில் வர விடவில்லை. நமக்-கை ஒருத்தன் மறப்பானா? பச்சைக் குழந்தை மறக்காது. நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் குசும் உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். தற்செயல்தான், அவளும் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள். நான் பெருமூச்சு விட்டதைத் தேநீர் ஆற்றுவது போல மாற்றிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன், பொங்கலிலிருந்து மறைக்கிறேன், சோறு தீர்ந்துகொண்டே வருகிறது. பொங்கலன்றைக்குத்தான் ஆரம்பம். அரக்கோணத்துக்கு அண்ணனுக்குப் போன் போட்டேன், வருஷா வருஷம் போடுவதுதான், மூன்று வாக்கியம் பேசுவோம், மழை, முட்டிவலி, வைக்கட்டுமா. அன்றைக்கு நான் பேசிக்கொண்டே போனேன். மாசிலாமணி அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னடா இது, திடீர்னு தமிழ் இவ்ளோ சுளுவா வருது உனக்கு? வாழைப்பழத்துல ஊசி ஏத்தினாப்ல?" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன், யார் பேசினது என்று குசும் கேட்டாள், அண்ணன் என்று சொல்ல வேண்டும், பாயி என்று சொல்ல வேண்டும், அந்தச் சின்னச் சொல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்த் துழாவுமே, அப்படி. இருமினேன். இருமிக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொன்னேன், அரக்கோணம், அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நிறைய இருமுகிறேன். இருமல் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள், பாவம், அதையும் குடிக்கிறேன்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார். பெயர் வைக்காதவரை அது வெறும் மறதிதான். ஆனால் பத்திரிகைக்காரனுக்கு அரைகுறையாக எல்லாம் தெரியும், அதுதான் எங்கள் சாபக்கேடு. ஞாயிறு மலரில் நானே வெட்டி ஒட்டிப் போட்டேன் ஒரு கட்டுரை, சிலருக்கு மூளை தளரும்போது பிறகு கற்ற மொழி முதலில் கிளம்பும், தாய்மொழி கடைசிவரை இருக்கும் என்று. அன்றைக்கு அதற்குத் தலைப்பு யோசித்ததோடு சரி. கவி சம்மேளன வழக்கமும் அதேதான், சின்னவர்கள் முதலில் படித்துவிட்டு எழுந்து போவார்கள், பெரியவர் கடைசிவரை உட்கார்ந்திருந்து கடைசியில் படிக்க வேண்டும். அதனால்தான் அத்யட்ச, அதாவது தலைவர், என்று மாலை போட்டு என்னை இந்தத் திண்டில் சாய்த்துவைத்திருக்கிறார்கள். எனக்குள்ளும் ஒரு அத்யட்ச உட்கார்ந்திருக்கிறது, அம்மாவின் பேச்சு, அரக்கோணம் ரயில்வே குடியிருப்புப் பேச்சு, அது அசையவில்லை, சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறது. எழுந்து போய்க்கொண்டிருப்பது மற்றது. அது போகட்டும், அந்த ஐம்பது வருஷக் கவிதை போகட்டும், தலையங்கங்கள் போகட்டும், அவை பழைய பேப்பர்க்காரனிடம் எப்போதோ போய்விட்டன. ஆனால் குசுமுக்குத் தமிழ் தெரியாதே. இதைத்தான் நான் நினைக்கக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வருகிறேன், கடைசியில் இதன் வாசலிலேயே வந்து நிற்கிறேன். குசுமுக்கு இந்தி மட்டும்தான் தெரியும். எங்கள் கல்யாணம், சண்டை, மகளுக்குப் பெயர் வைத்தது, மாமனார் செத்தபோது நான் சொன்ன ஆறுதல், எல்லாம் இந்தியில்தான். இந்தி போய்விட்டால் நான் அந்த வீட்டில் யார்? மொழி தெரியாத ஊரில் இறங்கின பயணி. பக்கத்தில் படுத்திருக்கிறவளிடம் தண்ணீர் கேட்கத் தெரியாத பயணி.

கைதட்டல். பூகம்ப் உட்கார்ந்தாயிற்று. அடுத்தது ரிச்சா திவாரி, பாட்டாகப் பாடுகிறவள், அதற்கப்புறம் நான்தான். இத்தனை சீக்கிரமா? நடுவில் வீரரசக் கவி ஒருவர் எல்லையில் நின்று கத்த வேண்டுமே, ஓ, அவர் முதலிலேயே கத்திவிட்டார், மேடையே அதிர்ந்தது, மறந்துவிட்டேன். அது வெறும் மறதி. வெறும் மறதிக்கு நான் பயப்படவில்லை. பதினெட்டு வயசில் இந்த ஊர் ஸ்டேஷனில் இறங்கினபோது எனக்கு இந்தியில் தெரிந்தது இரண்டே சொல், பானி, நஹீன். மாமா பீரங்கித் தொழிற்சாலையில் இருந்தார், எனக்கும் அங்கே வாங்கித் தருகிறேன் என்றார், வாங்கித் தரவில்லை. கடைசியில் ஒரு இந்திப் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மொழி தெரியாதவனுக்குப் பிழை திருத்தும் வேலையா என்று மாமாவே சிரித்தார். ஆசிரியர் சதுர்வேதிஜி தெரிந்துதான் கொடுத்தார். மொழி தெரிந்தவன் படித்துக்கொண்டு போய்விடுவான், கண் பிழையைத் தாண்டிவிடும். தெரியாதவன் ஒவ்வொரு எழுத்தாக மூலப் பிரதியோடு ஒத்துப் பார்ப்பான், அவனிடமிருந்து ஒரு புள்ளி தப்பாது. நான் பார்த்த பக்கங்களில் பிழையே வராது. பிறகு அர்த்தம் புரிய ஆரம்பித்தது, உடனே பிழைகள் தப்ப ஆரம்பித்தன. சதுர்வேதிஜி ஒரு நாள் கூப்பிட்டு, "ஏகாம்பர், உன் ப்ரூஃப்ல தப்பு வர ஆரம்பிச்சிடுச்சு, மொழி வந்துடுச்சு உனக்கு, இனி நீ எழுதத்தான் லாயக்கு" என்று நிருபர் மேஜைக்கு மாற்றினார். அவர் வைத்ததுதான் அங்குர் என்ற புனைபெயர். முளை என்று அர்த்தம். எழுபத்தாறு வயசு முளை. அன்றைக்கு மொழி தெரியாத பக்கம் எப்படி இருந்தது? வெறும் கோடுகள், மேல் கோட்டில் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும் எழுத்துகள். நேற்றைக்குப் பேப்பரை எடுத்தபோது ஒரு நொடி அப்படித்தான் தெரிந்தது. துணி மட்டும் தெரிந்தது. கண் கூசியிருக்கும்.

என் முதல் கவிதை அச்சான அதே மாசம், அங்கே அண்ணன் தார் டின்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பலகையிலிருந்த இந்தி எழுத்தை அழித்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். அறுபத்தைந்தாம் வருஷம். அப்பா அந்த ஸ்டேஷனில்தான் பாயிண்ட்ஸ்மேன். ஒரு மகன் அழிக்கிறான், ஒரு மகன் எழுதுகிறான், நடுவில் அப்பா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். அம்மா போனபோது நான் மூன்று ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே அண்ணன் கேட்டார், "அழறதாவது தமிழ்ல அழுவியா?" அன்றைக்கு எனக்கு அழுகையே வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம் அண்ணா, எல்லாம் இனிமேல் தமிழில்தான். நீ தார் பூசினாய், தார் இப்போதுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சீ, என்ன பேச்சு இது. ரிச்சா பாடுகிறாள், ஆற்றைப் பற்றி என்னவோ, நர்மதையைப் பற்றி, குரல் நன்றாக இருக்கிறது, வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. மோட், கண்டி, சூல்ஹா, தூத், அப்புறம், தூத் அப்புறம், மை. ஸ்யாஹி. சப்பல். இருக்கிறது. காகிதத்தில் எழுதி எடுத்து வந்திருக்கலாம். ஆனால் இந்த மேடைகளில் காகிதம் எடுத்தவன் பிழைத்ததில்லை. மனப்பாடமாகச் சொல்ல முடியாதது அவன் மனசிலிருந்து வந்ததில்லை என்று இவர்கள் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு வாரா வாரம் நெய் ஊற்றி வளர்த்தவனே நான்தான், காகிதக் கவிகள் என்று பெயர் வைத்து ஓட ஓட விரட்டியிருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும். நுணல். பார், நுணல் எல்லாம் வருகிறது, எந்த வகுப்பில் படித்தது அது!

அந்தக் கவிதை என்ன பெரிய கவிதை. கல்யாணமான புதுசு, எனக்கு ராத்திரி ஷிப்ட். விடியற்காலையில் பேப்பர் கட்டுகள் வேனில் ஏறின பிறகு சைக்கிளில் வீடு திரும்புவேன், கையெல்லாம் மை, தலையெல்லாம் முதல் பக்கத்துச் சாவுகள், ரயில் கவிழ்ந்தது, கிணற்றில் குதித்தவள், அடித்துக்கொண்டு செத்தவர்கள். தெருமுனை திரும்பும்போது மணி அடிப்பேன். மணி கேட்டதும் குசும் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். நான் வாசலுக்கு வருவதற்குள் ஜன்னலில் அந்தச் சிவப்பு தெரியும். அவ்வளவுதான் கவிதை. "மோட் பர் கண்டி பஜீ, சூல்ஹே நே ஆங்க் கோலீ." முனையில் மணி அடித்தது, அடுப்பு கண் திறந்தது. ஊர் செத்ததையெல்லாம் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா என்று முடியும். முதல் தடவை மேடையில் சொன்னபோது மணி அடித்தது என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன், முனையிலிருந்து வாசலுக்கு சைக்கிள் வருகிற நேரம் முழுக்க நிறுத்தினேன், பிறகுதான் அடுப்பைச் சொன்னேன். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்து, பிறகு எழுந்து நின்று கத்தியது. அன்றிலிருந்து அங்குர்ஜியின் மௌனம் என்று அதற்கே பெயர் வந்துவிட்டது. மற்ற கவிகள் வரியை மறந்தால் சபையில் நாலு பேர் எடுத்துக் கொடுப்பார்கள், அது இங்கே மரியாதை. என் மௌனத்தில் வாய் திறக்கிறவன் மட்டும் காட்டான். இருமல்கூடக் கூடாது. குசும் மட்டும் வீட்டில் கேலி செய்வாள், "சைக்கிள் எப்பவோ வீட்டுக்கு வந்தாச்சு, நீங்க இன்னும் முனையிலேயே நிக்கிறீங்க" என்று. கொஞ்ச நாளாக அவள் கேலியும் செய்வதில்லை. அவளுக்கு வேறு பைத்தியம் பிடித்திருக்கிறது. கீழ் வீட்டுக்குத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் மாற்றலாகி வந்திருக்கிறார், சேலம் பக்கம், அவர் மனைவியோடு பேசுவதற்காம், சமையலறையில் எதையாவது தொட்டுத் தொட்டு, "இதுக்கு உங்க பாஷையில என்ன?" என்கிறாள். உப்பு என்றேன். தண்ணி என்றேன். அரிசி, அடுப்பு, கரண்டி. "உப்பூ, அடுப்பூ" என்று வாலை நீட்டி நீட்டிச் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது. இத்தனை வருஷம் கேட்காதவளுக்கு இப்போதுதானா ஆசை வர வேண்டும், அந்தச் சொற்களை நான் பின்கட்டில் தள்ளிக் கதவைச் சாத்த முட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில்? ஒரு நாள் கத்திவிட்டேன், எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியவில்லை. அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள்.

ரிச்சா முடித்துவிட்டாள். கரே எழுந்து மைக்குக்குப் போகிறான். சஞ்சாலக் அவன்தான், நிகழ்ச்சியைக் கட்டி ஓட்டுகிறவன், என்னிடம் நிருபராக இருந்த பையன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "தெற்கே இருந்து வந்த ஒரு விதை, மகாகோசல மண்ணுல விழுந்து முளைச்சது" என்கிறான். ஒவ்வொரு தடவையும் அதே விதை. "இந்தி இவருக்குத் தாய் கிடையாது, இவர்தான் இந்திக்கு மகனாப் போனார்" என்கிறான். கைதட்டல். தத்துப் பிள்ளையைத் தாய் வீட்டை விட்டு அனுப்புகிறாள், கரே, உனக்குத் தெரியுமா? என் நாலு தொகுப்புகளின் பெயரையும் சொல்கிறான், மூன்றாவது என் காதில் யாரோ எழுதின புத்தகமாக விழுகிறது. "நெருக்கடிநிலை வந்த நாட்கள்லயும் பேனாவை வளைக்காதவர்" என்கிறான். வளைத்திருக்கிறேன், கொஞ்சம், வேண்டிய அளவுக்கு, யாருக்குத் தெரியப்போகிறது. "இப்போ நீங்க எல்லாரும் எதுக்காக வெயில்ல காத்துக்கிட்டிருக்கீங்களோ, அது!" மைதானம் முழுக்க ஒரே சத்தம், "கண்டி! கண்டி!" மணியைக் கேட்கிறார்கள். எழுந்திருக்க வேண்டும். முட்டி. ஒரு கை ஜமக்காளத்தில், ஒரு கை திண்டில். கரே கை கொடுக்கிறான். மோட், கண்டி, சூல்ஹா, தூத். நடக்கிறேன். குசும் பழத்தைத் தின்னவில்லை, உரித்த சுளைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது குசும், அம்மா சத்தியமாக எனக்குப் பயமாக இருக்கிறது.

மைக் குளிர்ந்திருக்கிறது. கும்பிட்டேன். "மோட் பர்" என்றேன். வந்தது, என் குரல்தான், கனமாக, பழைய குரல். "மோட் பர் கண்டி பஜீ." வாஹ், என்று ஒரு கிழவர் தலையை ஆட்டினார். எங்கேயோ கொத்தாக ஒரு பெருமூச்சு. அப்புறம் எல்லாம் அடங்கியது. கடலை உரிக்கிற சத்தமும் நின்றது. இது என் நேரம், சைக்கிள் வருகிற நேரம், முனை, பால்காரர் வீடு, குழாயடி, வேப்பமரம், வாசல். வந்தாயிற்று. ஜன்னலில் சிவப்பு. சொல். அடுப்பு. இல்லை, அது இல்லை, சொல், அடுப்பு. எழுதினது நீ, அச்சுக் கோத்ததைப் பார்த்தது நீ, நாலு பதிப்பு. அடுப்பு. சிவப்பாக, வட்டமாக, கரி போட்டு, குசும் ஊதுகிறாள், அவள் கன்னம் தெரிகிறது, நெருப்பு தெரிகிறது, புகை நாறுகிறது, எல்லாம் இருக்கிறது, அதன் பெயர் மட்டும் அடுப்பு. இன்னொரு தரம் சைக்கிளை முனைக்குத் தள்ளிக்கொண்டு போ. மணி அடி. குழாயடி, வேப்பமரம், வாசல். அடுப்பு. மௌனம் நீளுகிறது. ஒருவரும் இருமவில்லை. ஒருத்தர், ஒரே ஒருத்தர் எடுத்துக் கொடுத்தால் போதும், இந்த மைதானத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும் அந்தச் சொல், கடலை விற்கிறவனுக்குத் தெரியும், வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மரியாதைக்காக மெல்லாமல் வைத்திருக்கிறார்கள். அப்போது, மஸ்னத். வந்துவிட்டது. திண்டுக்கு மஸ்னத். நாலு எழுத்து, முதல் எழுத்து ம. சிரிப்பு வந்தது எனக்கு, என் முகம் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் பின் வரிசையில் ஒருவன் தாங்க முடியாமல் "வாஹ்!" என்றான். அவ்வளவுதான், உடைந்தது. வாஹ் வாஹ், க்யா பாத் ஹை, எழுந்து நிற்கிறார்கள், தட்டுகிறார்கள், கிழவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இவ்வளவு நீளமான மௌனத்தை அவர்கள் கேட்டதே இல்லை. பக்கத்தில் கரே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். அடப்பாவிகளா, நான் இங்கே முழுகிக்கொண்டிருக்கிறேன்.

குசும் கைதட்டவில்லை. அவள் எழுந்தாள். சுளைகளை நாற்காலியில் வைத்தாள், சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள், மேடையை நோக்கி நடந்து வந்தாள். கைதட்டல் தயங்கித் தயங்கி நின்றது. அங்குர்ஜியின் மௌனத்தில் யாரும் நடந்ததில்லை. யாரோ அண்ணி முறை வைத்து "பாபிஜி, உட்காருங்க" என்றார்கள், அவள் திரும்பவில்லை. மேடை விளிம்பில் கையை ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, மைக்கில் விழாத குரலில் என்னிடம் சொன்னாள், "அடுப்பூ."

எனக்கு உடனே புரியவில்லை. அந்த வாயிலிருந்து அந்தச் சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கரே குனிந்து, "பாபிஜி என்ன சொல்றாங்க?" என்றான். அவள் மறுபடியும், வாலை நீட்டி, கவனமாக, "அடுப்பூ" என்றாள். அவளுக்கு அந்த இன்னொரு சொல் தெரியாதா? அவளுடைய சொல்தானே அது, அவள் அம்மா வீட்டுச் சொல். அதைக் கொடுத்திருந்தால் கவிதை பிழைத்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் அதை விட்டுவிட்டு என் வாய்க்குள் எது மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அதைச் சொன்னாள். உப்புக் கிண்ணம் நகர்ந்தது தற்செயல் இல்லை. இருமல் மருந்து. கீழ் வீட்டு சேலத்துக்காரி. கரண்டி, அரிசி, தண்ணி. நான் பேர்களைத் தொலைத்துக்கொண்டு வந்த அதே சமையலறையில் இவள் பின்னாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மைக்கை விட்டுவிட்டு விளிம்புக்குப் போனேன். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன். தமிழில்தான் கேட்டேன், வேறு எதில் கேட்பது. அவளுக்கு வாக்கியம் புரிந்திருக்காது, அவளிடம் இருப்பதே பத்துப் பெயர்தான். என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள், "பிச்லே ஸால் கே தஸஹரே ஸே." போன வருஷத் தசராவிலிருந்து. பொங்கலுக்கும் முன்னால். எனக்கே தெரிவதற்கு முன்னால். கையை நீட்டினாள். படியில் இறங்கும்போது அழுதேன், எந்த மொழி என்று கேட்க அண்ணன் அங்கே இல்லை. சபை எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது, கவிதையை நான் இப்படி முடித்துவிட்டேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. குசும் என்னைத் தன் நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுளைகளை எடுத்துவிட்டு உட்கார வைத்தாள், ஒரு சுளையை என் கையில் வைத்தாள், "இதுக்கு என்ன?" என்றாள் அவள் மொழியில். நான் இந்த முறை எதையும் தேடவில்லை. "கமலாப்பழம்" என்றேன். "கமலா" என்றாள், ஒரு தரம், இன்னொரு தரம், கொட்டையை எடுத்துவிட்டுத் தானும் ஒரு சுளை வாயில் போட்டுக்கொண்டு.